பொன்னி என்று எழுதியிருந்தால் நம்ம ஊர் அரிசியா?



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் வகுப்பை ஐந்து நிமிடம் இழுப்பேனே, அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் சென்னையிலிருந்து என் பேத்தி ஒரு படம் அனுப்பினாள். 26 கிலோ அரிசி மூட்டை. மேலே பெரிய கோயில் விமானம், பக்கத்தில் நெற்கதிர், நடுவில் கொட்டை எழுத்தில் ‘பொன்னி’. "தாத்தா, இது நம்ம ஊர் அரிசிதானே? கிலோவுக்கு எட்டு ரூபாய் கூட. பரவாயில்லை, சின்னத் தாத்தா மாதிரி ஆட்களுக்குப் போய்ச் சேரும்னு வாங்கினேன்" என்று கேட்டிருந்தாள்.

சின்னத் தாத்தா என்றால் என் தம்பி. பாபநாசம் பக்கம் எங்கள் அப்பா வைத்துவிட்டுப் போன அரை வேலி நிலத்தில் இன்னும் அவன்தான் சாகுபடி செய்கிறான்.

மூட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பொதி செய்தவர் முகவரி வேறு மாநிலம். "இல்லையம்மா" என்று பதில் போட்டுவிட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. முகவரி வேறு மாநிலம் என்பதால் மட்டும் நெல் நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? நம் நெல் வெளியே போய் அரிசியாகித் திரும்பி வருவதும் உண்டு. தஞ்சாவூர் முகவரி போட்டிருந்தால் மட்டும் உள்ளே இருப்பது நம் வயல் நெல் என்று சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. சரியான பதில் சொல்லக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். பொன்னி என்பது காவிரியின் பெயர். அதனால் பொன்னி அரிசி என்றதும் ஆற்றங்கரையில் ஆயிரம் ஆண்டாக விளைந்த நெல் என்று நம் மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. உண்மை அது இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆசியா முழுக்க அரிசிப் பஞ்சம். 1943 வங்கப் பஞ்சத்தின் பாடத்தால் 1946-ல் ஒடிசாவில் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் உதவியோடு, 1950-களில் அங்கே ஒரு பெரிய வேலை நடந்தது. உரம் போட்டால் சாயாமல் நிற்கும் ஜப்பானிய வகை நெல்லையும், நம் வெப்ப நாட்டு நெல்லையும் கலந்து, பிறந்த விதைகளைப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் இரண்டையும் கலந்து பிறந்த ஒரு குழந்தை மலேசியாவில் வளர்ந்து, 1965-ல் ‘மசூரி’ என்ற பெயரில் வெளிவந்தது. லங்காவித் தீவின் பழங்கதையில் வரும் பெண்ணின் பெயர் அது. அந்த மசூரியிலிருந்து கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்து 1986-ல் வெளியிட்டதுதான் நாம் ‘வெள்ளைப் பொன்னி’ என்று கொண்டாடும் ரகம்.

ஆக, பொன்னிக்குத் தாய்வழி மலாயா, தந்தைவழி தைவான், பிறந்தது ஒடிசா, பெயர் வைத்தது நாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல மருமகள் எந்த ஊராக இருந்தால் என்ன? ஆனால் பெயரை மட்டும் வைத்து ஊரை முடிவுகட்டக் கூடாது.

அதே 1986-ல் ஆந்திராவின் பாபட்லாவில் பிபிடி 5204 என்ற ரகம் வெளிவந்தது. அதற்கும் மசூரி ஒரு பெற்றோர். கடையில் ‘ஆந்திரா பொன்னி’ என்று கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான். ‘கர்நாடகா பொன்னி’ என்று தனியாக ஒன்று விற்கிறது. காவிரி அங்கிருந்துதான் வருகிறது என்பதால் அதையும் தப்பு என்று சொல்ல முடியவில்லை!

இன்னொரு வேடிக்கை. ‘பாரம்பரிய நெல்’ என்று கூடுதல் விலைக்கு விற்கும் கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி.இ.பி. 24 என்ற பெயரில் 1921-ல் கோயம்புத்தூரில் அரசே தேர்ந்தெடுத்து வெளியிட்ட நெல் கிச்சிலிச் சம்பா என்று பரவியது. ஜி.இ.பி. என்பது அதை வெளியிட்ட தாவரவியல் அதிகாரியின் பதவிப் பெயரின் சுருக்கம். கோணாமணி என்ற பழைய நெல்லின் வயலில் தானாக மாறி நின்ற பயிரிலிருந்து எடுத்தது. நூறு வயது தாண்டிவிட்டதால் பாரம்பரியம் என்று சொல்லலாம்தான். பாரம்பரியத்துக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஆடுதுறைக்கு வருவோம். அங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் வந்தது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தது. ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா அல்லது தாளடி என்று கணக்கு நிலைத்தது. 1960-ல் நாட்டில் முதலில் எடுத்த ஏழு மாவட்டங்களில் ஒன்றாகத் தஞ்சாவூரைத் தீவிர வேளாண்மைத் திட்டத்தில் சேர்த்தார்கள். எங்கள் அப்பா தலைமுறை அதைப் ‘பேக்கேஜ் திட்டம்’ என்றே சொல்லும். விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டு. அந்தக் கட்டுக்குள் 1960-களின் நடுவில் வந்தது ஏடிடி 27. ஜப்பானிய நோரின் 10 ஒரு பக்கம், நம் ஜி.இ.பி. 24 மறுபக்கம். அதுவும் அதே கட்டாக் வேலையில் பிறந்த பிள்ளைதான். நூற்றைந்து நாளில் அறுவடை. சில ஆண்டுகளிலேயே குறுவைப் பரப்பில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். முதல் வருஷம் களத்தில் நெல் குவிந்ததைப் பார்த்து அப்பா அம்பாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தது நினைவிருக்கிறது. ரேஷனும் வரிசையுமாக இருந்த காலம் அது. அந்த விளைச்சலை இன்று யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பசியைப் பார்த்தவன் அப்படிப் பேச மாட்டான்.

ஆனால் அந்தக் கட்டு மண்ணையும் மாற்றியது. மேட்டூருக்கு முன்னால் ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைக் கொண்டுவந்து வயலில் விட்டுவிட்டுப் போகும். அணை வந்த பிறகு தண்ணீர் நேரத்துக்கு வந்தது, வண்டலில் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கியது. அப்புறமும் கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுதோம். ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் ஆடு ஓட்டிவந்து வயலில் கிடை போட்டார்கள். சம்பா அறுவடைக்கு முன்னால் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்தோம். பயறு வகைகளின் வேர்முடிச்சில் இருக்கும் நுண்ணுயிர் காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொடுக்கும். அறிவியல் ஆசிரியர் சொல்லித்தான் எனக்குக் காரணம் தெரியும். அப்பாவுக்குக் காரணம் தெரியாது, பலன் தெரியும்.

யூரியா வந்ததும் இவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1992-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யூரியாவுக்கு மட்டும் எடுக்கவில்லை. மலிவாகக் கிடைப்பதை அள்ளிப் போடுவது மனித இயல்பு. பச்சைப்பசேல் என்று பயிர் நிற்கும், பூச்சியும் தேடி வரும். உழவனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. விலை எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் மண்ணும் சாய்ந்தது.

வரலாற்று ஆசிரியனாக இன்னொன்றையும் சொல்லாமல் நகர முடியாது. விளைச்சல் கூடிய அதே ஆண்டுகளில்தான் நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் நடுவே 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். எந்த அரிசி மூட்டையிலும் இதற்கு இடம் கிடையாது. நம் நினைவிலாவது இருக்க வேண்டும்.

இனி என் பேத்தியின் கேள்விக்கு. நெல்லின் பெயர் எங்கே தொலைகிறது?

விதை வாங்கும்போது பெயர் இருக்கிறது. 1966 விதைச் சட்டப்படி சான்று விதை மூட்டையில் நீல அட்டை தொங்கும். ரகம் என்ன என்று அதில் எழுதியிருக்கும். நெல்லுக்கு நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். 2015-லிருந்து மண்ணுக்கும் ஓர் அட்டை வந்துவிட்டது. மண்வள அட்டையில் கார அமில நிலை, கரிமச் சத்து, தழை, மணி, சாம்பல் என்று 12 விவரங்கள் உண்டு. தம்பி வீட்டு அலமாரியில் இரண்டு அட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆக, அவன் வயலில் என்ன விதை, எப்படிப்பட்ட மண் என்பது எழுத்தில் இருக்கிறது.

அறுவடை முடிந்து அரசு கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது நெல். அங்கே இரண்டே பெயர்தான்: சன்ன ரகம், பொது ரகம். மற்றபடி கருக்காய் எவ்வளவு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. நாற்பது கிலோ சிப்பமாகப் பிடித்து அடுக்கியதும், என் தம்பி நெல்லும் அடுத்த ஊர்க்காரர் நெல்லும் ஒன்றாகிவிடும். தனியார் வியாபாரியிடம் போட்டாலும் பல ஊர் நெல் ஆலையில் கலந்துதான் அரைபடும். ஆலையிலிருந்து வெளியே வரும்போது வணிகப் பெயர் ஒன்று ஒட்டிக்கொள்கிறது. விதையின் பெயர் வேறு, மூட்டையின் பெயர் வேறு. இடையில் இருந்த இழை அறுந்துவிட்டது.

போன ஐப்பசியில் குறுவை நெல்லைக் கொட்டிவைத்து, பதினோரு நாள் தார்ப்பாய் போர்த்திக் காத்துக் கிடந்தான் தம்பி. மழை விட்டால் பிரித்துக் காயவைப்பான், தூறல் விழுந்தால் மூடுவான். யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் மோதிக்கொள்வது ஏடிடி 27 காலத்திலிருந்தே உள்ள தொல்லை. ஈர நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று ஆராயத்தான் 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். அதுதான் தஞ்சாவூருக்கு வந்து வளர்ந்து இன்று ‘நிப்டெம்’ என்ற பெரிய கல்வி நிறுவனமாக நிற்கிறது. என் பேத்தி கூடுதலாகக் கொடுத்த எட்டு ரூபாயில் ஒரு காசாவது அந்தத் தார்ப்பாயின் அடியில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால், அந்த மூட்டையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

பழைய காலத்தில் மட்டும் எல்லாம் தெரிந்ததா? தெரிந்தது என்று கற்பனை செய்ய வேண்டாம். ஆனால் எதை உறுதி செய்ய வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்கள். 1010-ல் முடிந்த ராஜராஜேச்சரத்துக் கல்வெட்டுகளை உங்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். கோயில் பண்ணைக்கும் பண்டாரத்துக்கும் வந்த நெல்லை ‘ஆடவல்லான்’ என்ற மரக்காலால் அளந்தார்கள். அது ராஜகேசரி என்ற அரசு அளவுக்குச் சமம் என்றும் எழுதிவைத்தார்கள். ஊர்ச் சபை வட்டியாகக் கொடுக்க வேண்டிய நெல் எத்தனை கலம், அரிசிக்கு நெல் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கு, பழவரிசியா என்பது எல்லாம் கல்லில் இருக்கிறது. ஊர் தெரியும், அளவு தெரியும், அரிசியின் வயது தெரியும். அளவில் ஏமாற்றினால் ஆடவல்லான் பெயரிலேயே ஏமாற்றியதாக ஆகும். பாபநாசம் திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்துக்கு உங்களை வரிசையாக அழைத்துப் போனேனே, மூவாயிரம் கலம் கொள்ளும் என்றதும் எல்லாரும் வாயைப் பிளந்தீர்கள். உள்ளே போகும் நெல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அதன் வாசலில் நின்றவனுக்குத் தெரிந்திருக்கும்.

இன்றைக்கு நமக்கு ஆடவல்லானுக்குப் பதிலாக இருப்பது உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம், 2006. மூட்டையில் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். அதில் இரண்டாவது, மூன்றாவது இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், மத்திய உரிமம் என்றால் அங்கே 00 இருக்கும். நிகர எடை, பொதி செய்த நாள், பொதி செய்தவர் முகவரி எல்லாம் கட்டாயம். இவை யார் பொறுப்பு என்று சொல்லும். எந்த வயல் என்று சொல்லாது. 26 கிலோ என்ற விசித்திர எடைக்கும் காரணம் உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பொதிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. அடுத்த நாளே மூட்டைக்கு ஒரு கிலோ எடை கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்!

கோயில் படத்தைவிட முக்கியமான சொல் ஒன்று மூட்டையில் இருக்கும். புழுங்கலா, பச்சையா என்பது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. 1930-களில் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்ட் குழுவினர் இதை ஆராய்ந்தார்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நோய் இருந்தது. புழுங்கல் சாப்பிட்ட நம் பக்கம் பெரும்பாலும் தப்பித்தது. நம் பாட்டிகள் அண்டாவில் நெல் அவித்தது ருசிக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் படித்தவர்களுக்குப் புரிந்தது. எனவே ‘பளபள வெள்ளை’ என்று போட்டிருந்தால் அதைப் பெருமையாக எண்ண வேண்டாம். அவ்வளவு தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்று நம் குடும்பக் குழுவில் ஒருவர் அனுப்பியிருந்தார். அது பிளாஸ்டிக் இல்லை. அரிசி மாவோடு இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்த மணிகள். நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தவை. தெரியாததைப் பரப்பாதீர்கள் என்று வகுப்பில் எத்தனை முறை சொன்னேன்!

‘இயற்கை’, ‘பாரம்பரியம்’, ‘நாட்டு’ என்ற சொற்கள் மூட்டையில் இருப்பது மட்டும் சான்று ஆகாது. அங்ககச் சான்று என்பது வேறு. மூன்றாம் தரப்புச் சான்று வாங்க, நெல் போன்ற பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக் காலம் மண் காத்திருக்க வேண்டும். அப்படிச் சான்று பெற்ற பொதியில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கும். சிறு உழவர் நேரடியாக உங்களிடம் விற்றால் அந்த முத்திரை தேவையில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது. அங்கே முத்திரைக்குப் பதில் அவர் முகம்தான் சான்று.

பெயரைத் தொலையாமல் காத்தவர்களும் நம் மண்ணில் உண்டு. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். வேறு பத்திரம் கிடையாது. அப்படியே 174 ரகங்களை மீட்டார். இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஐயா காட்டிய வழியில் வந்தவர். 2018 டிசம்பர் 6-ல் மறைந்துவிட்டார். மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் என்று நீங்கள் இன்று கடையில் பெயர் சொல்லிக் கேட்க முடிவதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எந்த அரிசியும் சர்க்கரை நோய்க்கு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன், அதை மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் விதையின் பெயர் வயலிலிருந்து தட்டு வரை அறுபடாமல் வர முடியும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள்.

ஆகவே கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன ரகம்? குறுவையா, சம்பாவா? எந்த ஆலை? புதுசா, பழசா? முதல் நாள் முறைப்பார். பத்துப் பேர் கேட்டால் ஆலையில் விசாரிப்பார். முடிந்தவர்கள் ஊரில் தெரிந்த உழவரிடம் வருஷத்துக்கு இரண்டு மூட்டையாவது நேராக வாங்குங்கள். வாங்கும்போது மண்வள அட்டையைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இதுவரை அதிகாரி தவிர வேறு யாரும் அவரிடம் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பேத்திக்கு நேற்று மறுபடி எழுதினேன்: "அம்மாடி, நீ வாங்கியது நம்ம ஊர் அரிசியா என்று அந்த மூட்டைக்கே தெரியாது. தை மாதம் சின்னத் தாத்தா சம்பா அறுப்பார். இரண்டு மூட்டை நெல்லைத் தனியாக அவித்துத் தருகிறேன் என்கிறார். ரகம் ஏடிடி 39. சாக்கில் எந்தப் படமும் இருக்காது. அட்டையில் ரகமும் தேதியும் வயலின் பெயரும் நான் என் கையால் எழுதி அனுப்புகிறேன்."

உங்கள் வீட்டில் இன்று வெந்த அரிசி எது என்று கீழே எழுதுங்கள். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று சார்